டவுன் ஹால் தளம்

மரக்கட்டையால் தளத்தைத் தட்டி இறுக்கும் பெண்களெல்லாம் வீட்டுக்குப் போன பிறகும் மேலே தட்டும் சத்தம் கேட்டது.

மந்திரமூர்த்தி மேஸ்திரி அண்ணாந்து பார்த்தார். தென்காசியின் புது டவுன் ஹால். முப்பதடி உயரத்தில் தேக்கு உத்தரங்கள், அவற்றின் மேல் செங்கல், அதற்கும் மேல் ஈரம் காயாத சுண்ணாம்புத் தளம். குற்றாலத்துப் பக்கமிருந்து வந்த சாரல் காற்று வளைவு ஜன்னல்கள் வழியே நுழைந்து, சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீரும் கலந்த நெடியை முகத்தில் அப்பியது. ஒரே ஒரு கட்டை. டொக், டொக். எவளோ இன்னும் இறங்கவில்லை என்று அலுத்துக்கொண்டார். ஏறிப் பார்க்க உடம்பில் தெம்பில்லை.

தூணில் சாய்ந்திருந்த அவர் மனைவி வள்ளித்தாயும் பகலெல்லாம் தளம் தட்டியவள்தான்.

"மாடத்தி தட்டு மாதிரியே இருக்கு" என்றாள் மெதுவாக.

மாடத்தி முந்தாநாள் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனாள். வேலையில் ஒருத்தி செத்தால் எல்லோரும் கட்டையைக் கீழே வைத்துவிட வேண்டும். செத்தவளின் கட்டை அவளோடு சுடுகாட்டுக்குப் போக வேண்டும். அதுதான் இவர்கள் வழக்கம். மந்திரமூர்த்தி கேட்கவில்லை. பாதியில் நிறுத்தினால் தளம் வெடித்துவிடும், மழை இறங்கினால் மொத்தமும் போச்சு என்று சத்தம் போட்டார். பிணத்தை மட்டும் வண்டியில் ஏற்றிவிட்டு, அந்தக் கட்டையை வள்ளித்தாய் கையில் கொடுத்து அதே இடத்தில் உட்காரவைத்தார். அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. தூக்கத்திலும் கை அசைகிறது. பிள்ளைகுட்டி இல்லாத தனக்கு இவள் ஒருத்திதான் என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது, பாவி மனுஷன்.

கட்டை எங்கே என்று கேட்டார். மேலேதான் வைத்தேன் என்றாள். இன்றைக்கே அதை எரித்துவிடலாம் என்று எழுந்தார்.

"நீங்க போய்ட்டு வாங்க. என்னால இனி ஒரு படி ஏற முடியாது."

சாரத்துப் பலகை வழுக்கியது. நின்று நின்று ஏறினார். மேலே அந்தி வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது. கட்டைகள் வரிசையாகக் கிடந்தன. மாடத்தி கட்டையை மட்டும் காணவில்லை. ஆளும் இல்லை.

சத்தம் நிற்கவில்லை.

பாதம் அதிர்ந்தது. தட்டு கீழிருந்து வந்தது. தளத்தின் அடிப்பக்கத்திலிருந்து.

"ஏட்டி வள்ளி" என்று கூப்பிட்டார். தட்டு வேகமெடுத்தது.

சரவிளக்குக்காக விட்டிருந்த துவாரத்தில் குனிந்து பார்த்தார். தூணடியில் யாரும் இல்லை.

ஒரு சாண் தூரத்தில் வள்ளித்தாயின் முகம்.

கூரையின் அடியில் மல்லாந்து கிடந்தாள். கூந்தல் தரையைப் பார்த்துத் தொங்கியது. மாடத்தி கட்டையைப் பிடித்த கை மட்டும் ஓங்கி ஓங்கித் தட்டிக்கொண்டிருந்தது.

"கை நிக்க மாட்டேங்கு" என்று அழுதாள். "என்னைக் கீழ இறக்கி விடுங்க."

அவள் இடுப்பை இரண்டு கைகள் பிடித்திருந்தன. சுண்ணாம்பு காய்ந்து வெளுத்த கைகள். அவற்றுக்குக் கீழே, தரை வரைக்கும், ஒன்றுமில்லை.