படிக்கட்டுச் சுவரைப் படம் எடுத்தது யார்?

அறிவியல் வகுப்பில், திரையில் ஓர் அந்துப்பூச்சி தெரிந்தது. எல்லோரும் பூச்சியைப் பார்த்தார்கள். துப்பு மட்டும் பூச்சிக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தாள். எதையும் துருவித் துருவிக் கேட்பதால் அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் அது.

பச்சைச் சுவர். அதில் வாத்து போல ஒரு விரிசல். அவள் வீட்டு மாடிப்படிச் சுவரேதான்!

"டீச்சர், இந்தப் படம் எங்கேருந்து கிடைச்சுது?"

"நெட்லதான். ஏன்?"

"சும்மாதான் டீச்சர்."

சும்மா இல்லை. அவள் குடியிருக்கும் கட்டடத்துக்குள் யாரோ திருட்டுத்தனமாக வேவு பார்க்கிறார்கள்!

முதல் சந்தேகம் அண்ணன் மேல்.

"நானா? கரப்பானைப் பார்த்தாலே கட்டில் மேல ஏறிடுவேன்," என்றான் அவன். அதுவும் உண்மைதான்.

அன்று மாலை, மூன்றாம் மாடித் தையல்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை போல இறங்கினார். சுவரையே முறைத்தார். சட்டென்று போனை நீட்டினார்.

மூன்று நாள் படி வளைவில் ஒளிந்து பார்த்தாள் துப்பு. நான்காம் நாள் பொறுக்க முடியவில்லை.

"மாமா! எங்க சுவரை எதுக்குப் படம் எடுக்கறீங்க?"

"ஷ்ஷ்! பறந்துடும்மா!"

போனில் படம் படமாக அந்துப்பூச்சிகள். "இந்த இறக்கை ஓரத்தைப் பாரு. இப்படித் தையல் எனக்கே வராது."

"இதை எங்க டீச்சர் கிளாஸ்ல காட்டினாங்க!"

அவர் முகம் மலர்ந்தது. "என் பேரு இருந்துச்சா?"

"இல்லையே."

மலர்ந்த முகம் வாடியது. "நெட்ல போட்டப்பவே, கேட்டுட்டு எடுங்கன்னு கீழே எழுதியிருந்தேனே. இதுக்குப் பதினோரு நாள் காத்திருந்தேன்மா."

திருடனைத் தேடிப் போனவளுக்கு, பறிகொடுத்தவர் கிடைத்திருந்தார். துப்புவுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் வகுப்பு காலியாகும்வரை காத்திருந்து, டீச்சரிடம் மெதுவாகச் சொன்னாள்.

"அச்சச்சோ! அவசரத்துல படத்தை மட்டும் வெட்டி எடுத்துட்டேன். நெட்ல இருந்தா எல்லாருக்கும் பொதுதானேன்னு..."

"கொடியில காயற துணியும் எல்லார் கண்ணுக்கும் தெரியுது டீச்சர். எடுத்துட்டா போறோம்?"

டீச்சர் சிரித்துவிட்டார். அப்போதே அனுமதி கேட்டுக் கடிதம் எழுதினார். தையல்காரர் மகிழ்ச்சியோடு சம்மதித்தார். அடுத்த வகுப்பில் படத்தின் கீழே அவர் பெயர் இருந்தது.

அன்று மாலை அவர் துப்புவை நிறுத்தி, போனில் வேறொரு படத்தைக் காட்டினார். "இந்தப் படத்துல நீயும் இருக்கே."

பூச்சிக்குப் பின்னால், படி வளைவில், முழித்துக்கொண்டு இரண்டு கண்கள்!

"வச்சுக்கட்டுமா, அழிச்சிடட்டுமா?"

துப்பு இடுப்பில் கைவைத்து யோசித்தாள்.

"கேட்டீங்கல்ல மாமா, வச்சுக்கோங்க. ஆனா பூச்சியோட பேருக்குப் பக்கத்துல என் பேரைப் போட்டுடாதீங்க!"