பிரேமிளாவுக்கு ஒரு போத்தல்

கைபேசி அலறியது.

ஷாமலா உடனே எடுக்கவில்லை. யார் என்று தெரியும். என்ன செய்தி என்றும் தெரியும்...

அவள் நின்றது பிலிமத்தலாவையில், வீதியோரம் போட்டிருந்த தண்ணீர் மேசைக்குப் பின்னால். புற்றுநோய் வார்டுக்கு மருந்து வாங்க நிதி சேர்க்கும் மரதன் ஓட்டம். ஓடி முடிப்பவர் பேரில் காசு தருவதாகப் பலர் சொல்லியிருந்தார்கள். கண்டி வாவியைச் சுற்றிவிட்டு, கடுகண்ணாவை வரை போய்த் திரும்ப வேண்டும். மாதா கோயில் மாதர் சங்கம் இந்த மேசையைப் பொறுப்பெடுத்திருந்தது. பேர் எழுதிய போத்தல்களை ஓட்டக்காரர் கையில் எடுத்துக் கொடுப்பது ஷாமலாவின் வேலை.

ஊதா நிறப் போத்தல் ஒன்று இப்போது மேசையில் இல்லை.

எடுத்தாள்.

"ஷாமலா... பிரேமிளா விழுந்துட்டா."

கணவன் ஜொனியின் குரல். நடுங்கியது.

"எங்க?"

"பேராதனைப் பாலத்துகிட்ட. வாந்தி எடுத்துகிட்டே விழுந்தா. கண்ணு சொருகுது. ஆம்புலன்ஸ்ல ஏத்துறாங்க. நான் பின்னாலேயே போறேன்."

"போங்க. நீங்க போகாம வேற யாரு போவா?"

தொடர்பைத் துண்டித்தாள். பக்கத்தில் தோடம்பழம் வெட்டிக்கொண்டிருந்த றீற்றா நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன ஷாமலா, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. வெயில்."

வெயிலாம். வயிறு எரிந்து மாதக்கணக்காகிறது. இன்றைக்குத்தான் அதில் ஒரு வாளி தண்ணீர் விழுந்திருக்கிறது.

பிரேமிளா!

மாநகர சபை அலுவலகத்தில் ஜொனிக்கு எதிரே உட்கார்ந்து வேலை செய்யும் எதிர்க் கதிரைக்காரி. முப்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. ஷாமலாதான் அவளுக்குச் சட்டை தைத்துக் கொடுப்பாள். தைக்கும்போதே பற்றிக்கொண்டு வரும். ஒட்டிய வயிறு, நிமிர்ந்த முதுகு. கூப்பிடுவது என்னவோ "ஜொனி அண்ணே". அண்ணனாம், அண்ணன்!

மரதன் ஓடப் போகிறேன் என்று பிரேமிளா கிளம்பியதிலிருந்து ஜொனிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. விடிந்தும் விடியாமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போவான். தோளில் அவளுடைய துவாய். கையில் அவளுடைய போத்தல். கட்டிய மனைவி சந்தைக்குப் பை தூக்கிக்கொண்டு நடந்துதான் போகிறாள்.

ஒருநாள் மதியச் சாப்பாடு கொண்டு போனபோது மாநகர சபைப் படிக்கட்டில் அந்தக் காட்சி. ஜொனி அழுகிறான். பிரேமிளா தன் லேஞ்சியால் அவன் கண்ணைத் துடைத்துவிடுகிறாள்!

"ஷாமலாவுக்கு மட்டும் தெரியக் கூடாது," என்றான் ஜொனி.

"என் வாயால வராது அண்ணே," என்றாள் அவள்.

ஷாமலா சாப்பாட்டுப் பெட்டியோடு அப்படியே திரும்பிவிட்டாள். அன்றைக்கு அவன் பட்டினி. நன்றாக வேண்டும்.

அதோடு நின்றிருந்தால் கூடச் சண்டை பிடித்து அழுது தீர்த்திருப்பாள். ஆனால் குளிசை?

வருடத் தொடக்கத்தில் ஷாமலாவுக்கு வயிற்றில் ஒப்பரேஷன். குடல் புண் என்றான் ஜொனி. டொக்டர்மார் எல்லாவற்றையும் அவனைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் பேசினார்கள். வீட்டுக்கு வந்ததும் குளிசை கொடுக்கத் தொடங்கினான்.

"விட்டமின். ஒடம்பு தேறணும்ல? வாயத் தொற."

காலையும் மாலையும் அவனே எண்ணி, அவனே தண்ணீர் ஊற்றி, அவள் விழுங்கும்வரை நின்று பார்ப்பான். எந்த வீட்டில் ஐயா புருஷன் இப்படி விட்டமின் கொடுக்கிறான்?

விழுங்கியதும் குமட்டல். வாந்தி. உள்ளங்கை சிவந்து தோல் உரிந்தது. ஊசி பிடிக்க முடியவில்லை, தையல் வேலை படுத்துவிட்டது. ஆளும் இளைத்துப் போனாள்.

சந்தேகம் மெதுவாகத்தான் வந்தது. வந்த பிறகு போகவில்லை.

ஈஸ்டர் முடிந்த கிழமை, குளிசைகளை நாக்குக்கடியில் ஒதுக்கினாள். அவன் தலை மறைந்ததும் துப்பி, லேஞ்சியில் முடிந்து, அலுமாரியில் சேலைகளுக்கு நடுவே செருகினாள். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

வாந்தி நின்றது!

உள்ளங்கை ஆறியது. பசித்தது. கண்ணாடியில் முகம் தெளிந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அவளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்த்துவிட்டு, எதிர்க் கதிரையை வீட்டுக்குக் கொண்டுவரப் போகிறார்கள். உயிரும் போய்ப் புருஷனும் போகும். இரண்டையும் அவள் விடுவதாக இல்லை.

அதனால் இன்று காலை, சேர்த்து வைத்ததில் ஒரு பிடியை அம்மியில் நுணுக்கி, தேசிக்காய் பிழிந்து சீனி போட்ட தண்ணீரில் கலக்கி, பிரேமிளாவின் ஊதா போத்தலில் ஊற்றினாள். மிச்சத்தை லேஞ்சியோடு கைப்பையில் போட்டுக்கொண்டாள். எனக்குக் கொடுத்ததை அவளும் குடித்துப் பார்க்கட்டும்.

கைபேசி அலறுவதற்குக் கொஞ்ச நேரம் முன், கடுகண்ணாவையிலிருந்து திரும்பி வந்த பிரேமிளா மூச்சு வாங்கச் சிரித்தாள்.

"அக்கா, உங்க கையால குடுங்க."

கொடுத்தாள்.

ஷாமலா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, தாழ்வாரத்தில் ஜொனி சுவரோடு சாய்ந்து நின்றான். கண் சிவந்திருந்தது. அதைப் பார்த்ததும் ஷாமலாவுக்கு மறுபடி பற்றிக்கொண்டது. ஒப்பரேஷன் அன்றைக்குத் தனக்காக இப்படி அழுதானா? அவள் மயக்கத்தில் கிடந்ததால் தெரியவில்லை.

"எப்படி இருக்கா உங்க பிரேமிளா?"

"உயிருக்குப் பயமில்லயாம். சேலைன் ஏத்துறாங்க." தாழ்ந்த குரலில் சொன்னான். "பொலிஸ் வந்திருக்கு. தண்ணியில ஏதோ கலந்திருக்காம்."

இன்ஸ்பெக்டர் சேதுராமன் கனத்த உடம்போடு வந்தார். மலைநாட்டுக்காரர். கையில் பொலித்தீன் பை. உள்ளே ஊதா போத்தல். கூடவே டொக்டர் அரூஸ். புற்றுநோய் வார்டு டொக்டர். ஓட்டத்துக்கு வைத்திய உதவிக்கென்று வந்தவர், விழுந்தவளை முதலில் தூக்கியவரும் அவர்தான்.

"இந்த போத்தல ஓடுன புள்ளைக்குக் குடுத்தது யாரு?"

"நான்தான்," என்றாள் ஷாமலா.

"என்ன கலந்தீங்க?"

ஜொனி பாய்ந்து வந்தான். "சேர், என் சம்சாரம் சேர். அவளுக்கு ஒண்ணும் தெரியாது..."

"தள்ளி நில்லுங்க." ஷாமலா கைப்பையைத் திறந்தாள். "எனக்கு எல்லாம் தெரியும். இன்ஸ்பெக்டர் ஐயா, எழுதிக்கோங்க. இந்த ஆளும் அந்தப் பொம்பளையும் சேர்ந்து எனக்கு நஞ்சு குடுத்தாங்க. அதே நஞ்சத்தான் அவளுக்குத் திருப்பிக் குடுத்தேன். இந்தா இருக்கு ஆதாரம்."

லேஞ்சி முடிச்சை அவிழ்த்தாள். மிச்சக் குளிசைகள் உள்ளங்கையில் உருண்டன.

ஜொனியின் முகத்தில் இரத்தமே இல்லை.

"நீ... முழுங்கலயா?"

"பாத்தீங்களா ஐயா, பயந்துட்டாரு!"

இன்ஸ்பெக்டர் ஜொனியின் தோளில் கை வைத்தார். அது ஆறுதல் சொல்லும் கை இல்லை. "வாங்க தம்பி. கொஞ்சம் பேசணும்."

"ஒரு நிமிஷம் சேர்."

டொக்டர் அரூஸ்தான். ஒரு குளிசையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். முகர்ந்து பார்க்கவில்லை, யோசிக்கவில்லை. தினமும் பார்க்கிற பொருளைப் பார்த்தது போல் இருந்தது அவர் முகம்.

"போத்தல்ட அடியிலயும் இதுல ஒரு துண்டு கரையாமக் கெடந்திச்சி. அப்பவே நெனச்சன். நஞ்சு இல்ல சேர். எங்கட வார்டு மருந்து."

"வார்டு மருந்துன்னா?"

டொக்டர் ஜொனியைப் பார்த்தார்.

"நீங்க இன்னும் இவங்ககிட்டச் சொல்லலயா?"

ஜொனி தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

ஷாமலா டொக்டரின் கையிலிருந்த குளிசையை வாங்கிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"எனக்குப் புற்றுநோயா?"

டொக்டர் அரூஸ் மெதுவாகச் சொன்னார். "குடல்ல வந்த கட்டிய வெட்டி எடுத்தாச்சி. மிச்சம் மீதி இருந்தா அதக் கொல்லத்தான் இந்தக் குளிசை. வாந்தி வரும், கை உரியும். அது மருந்து வேல செய்றது. நோயாளிகிட்டச் சொல்லாதீங்கோ, வீட்டாளுங்களுக்கு மட்டும் சொல்லுங்கோ எண்டு எல்லாரும் கெஞ்சுவாங்க. இவரும் கெஞ்சினார். நாங்களும் கேட்டுட்டம். எங்கட பிழை."

"அப்போ பிரேமிளா..."

"வார்டுல இந்த மருந்து முடிஞ்சிட்டு. வெளிய வாங்க இவங்களால ஏலாது, இன்னும் எத்தனையோ பேரால ஏலாது. அந்தப் புள்ள ஓடினது அதுக்குத்தான். உங்கட பேரச் சொல்லாம."

ஷாமலா ஜொனியைப் பார்த்தாள். திட்டுவாள், இல்லை விழுந்து அழுவாள் என்று இன்ஸ்பெக்டர் ஒரு எட்டு பின்னால் வைத்தார். அவள் அவன் எதிரே தரையில் அமர்ந்தாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ அன்னைக்கே படுத்துடுவேன்னு பயந்தேன் புள்ள. எங்கம்மா அப்படித்தான் போச்சு."

"அவகிட்டச் சொன்னீங்க."

"யார்கிட்டயாவது சொல்லாட்டி செத்திருப்பேன்."

"என் நோய் என்னோடது. அதக்கூட அவகிட்டத்தான் மொதல்ல சொன்னீங்க. எனக்கு இன்னமும் வயிறு எரியுதுங்க. நோயால இல்ல."

ஜொனி அவள் கையைப் பிடித்தான். தோல் ஆறியிருந்த அந்தக் கையைப் பார்த்ததும் அழுதான். இந்த முறை அவள் விழித்திருந்து பார்த்தாள்.

"எப்ப இருந்து முழுங்கல?" டொக்டர் கேட்டார்.

"ஈஸ்டரிலிருந்து."

"பயப்படாதீங்கோ. செக் பண்ணிப் பாத்திட்டு மறுபடி தொடங்குவம். இனி உங்களுக்குத் தெரியாம ஒண்ணும் இல்ல."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "டொக்டர், எல்லாம் சரி. ஆனா இந்தம்மா ஒரு புள்ளைக்கு மருந்து கலந்து குடுத்திருக்காங்க. சட்டம்னு ஒண்ணு இருக்கில்ல?"

"அத அந்தப் புள்ளகிட்டக் கேளுங்கோ. முழிச்சிட்டா."

வார்டுக்குள் பிரேமிளா தலையணையில் சாய்ந்து கிடந்தாள். முகம் வெளிறியிருந்தது. ஓட்ட இலக்கம் இன்னும் சட்டையில் குத்தியபடி. ஷாமலா கட்டில் காலடியில் வந்து நின்றாள். கைகூப்பத் தூக்கிய கை பாதியில் நின்றது.

"மன்னிச்சுக்கம்மா. ஒன்னக் கொல்லப் பாத்தேன்."

"வெளிய பேசினது எல்லாம் கேட்டுச்சு அக்கா. செவுரு மெல்லிசு."

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "முறைப்பாடு போடுறீங்களா மிஸ்?"

"எதுக்கு சேர்? வெயில்ல ஓடினேன், மயங்கினேன். போத்தல்ல இருந்தது தேசிக்காத் தண்ணி. சீனி போதாது, அவ்வளவுதான்."

"மருந்து கெடந்திச்சே?"

"எனக்குத் தெரியாது சேர். டொக்டர்ட கையில இருந்து விழுந்திருக்கும்."

டொக்டர் அரூஸ் மேற்கூரையைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் அவரையும் போத்தலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பொலித்தீன் பையை டொக்டரிடமே கொடுத்தார். "கழுவி வைங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார்.

ஷாமலா கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். "எனக்காக ஓடுனவளப் பாதியில விழுத்திட்டேனே. காசு தாறேன்னு சொன்னவங்க எல்லாம் இப்ப என்ன சொல்லுவாங்க?"

"முடிச்சாத்தான் தருவாங்க. முடிக்கலாம், அவசரமில்ல." பிரேமிளா சட்டையிலிருந்து இலக்கத்தைக் கழற்றி அவள் கையில் திணித்தாள்.

"உங்க மருந்த நான் குடிச்சாச்சு அக்கா. மிச்ச ஓட்டத்த நீங்க ஓடுங்க."