சம்பாரப் பானை

குன்னத்துகால் பள்ளிக்கூடத்தை வாந்திபேதி ஆஸ்பத்திரியாக மாற்றியிருந்தார்கள். உச்சி வெயிலில் வில்வண்டியைவிட்டு இறங்கியதும் கம்பவுண்டர் ஈசாக் ஒரு செம்பு சம்பாரத்தை நீட்டினார். வந்தவர்களுக்கு மோர் கொடுக்காமல் அந்த ஊருக்குப் பேசவே வராது. ஒரே மூச்சில் குடித்தேன். பிறகுதான் அதிகாரத்தை ஆரம்பித்தேன்.

"வெள்ளம் கொதிக்க வச்சுதானே குடுக்கிய?"

"கொதிச்ச வெள்ளம் ஆக்கும், சிஸ்டரே. ஜெயபாய் சிஸ்டரு அதுல கண்ணும் கருத்துமா இருந்தாவ. ஆனாலும் தெனம் ரெண்டு பேரு விழுதாவ."

ஜெயபாய் எனக்கு முன்னால் அங்கே இருந்த நர்ஸ். நான்கு நாளுக்கு முன் இதே நோயில் இறந்துபோனார். நோய் எந்த வழியாக நுழைகிறது என்று கண்டுபிடிக்கத்தான் என்னை அனுப்பியிருந்தார்கள்.

கட்டில் கட்டிலாக நாக்கு, கண், நாடி பார்த்தேன். தோலைக் கிள்ளிப் பார்த்தேன். எங்கும் சுண்ணாம்பு நெடி. கடைசிக் கட்டிலில் மகளுக்குத் துணையிருந்த உமையம்மாள் தன் கையைக் காட்டினாள். திடமான பெண். மணிக்கட்டில் மூன்று விரல் பதிந்த ஈரத் தடம்.

"இப்பந்தான் ஒரு சிஸ்டரு பிடிச்சுப் பாத்தாவ. கையி என்னா தணுப்பு!"

அங்கே நர்ஸ் நான் ஒருத்திதான்.

"வெயிலுல தலை சுத்துது உனக்கு, சும்மா இரி," என்று அதட்டினேன். மூன்று மணிக்கு உமையம்மாள் வாந்தியெடுத்தாள்.

கை கழுவ உள்ளறைக்குப் போனேன். மழை இருட்டிக்கொண்டு வந்தது. அறையில் யாரும் இல்லை.

என் மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள்.

மூன்று விரல்கள். சில்லிட்டு, நீரில் ஊறிச் சுருங்கியவை. அசையாமல் நாடியை எண்ணின.

"நாக்க நீட்டு மக்கா," என்றது காதோரம் ஒரு குரல். "இன்னைக்கி என்ன குடிச்ச?"

என் வாயில் மோரின் புளிப்பு அப்படியே இருந்தது.

"ஈசாக்கே! மோருல எந்த வெள்ளம் ஊத்துனீரு?"

அவர் விழித்தார். "கெணத்துப் பச்ச வெள்ளம். கொதிச்சத ஊத்துனா ருசிக்காதே. ஜெயபாய் சிஸ்டருக்கும் அதத்தான் குடுத்தேன்."

அடப் பாவி மனுஷா! அலறிக்கொண்டே மோர்ப் பானையைப் போட்டு உடைத்தேன். அதைக் குடித்திருந்தவர்களைத் தவிர வேறு யாரும் அதன்பின் விழவில்லை.

நான் குடித்திருந்தேன்.

எட்டாம் நாள் கண் திறந்தேன். கட்டிலில் தொங்கிய அட்டையில் என் நாடித்துடிப்பு மணிக்கு மணி எழுதியிருந்தது.

"புது நர்ஸ் எப்ப வந்தாவ?" என்று கேட்டேன்.

ஈசாக் அட்டையைப் பார்க்கவில்லை. "ஒருத்தரும் வரல்லே, சிஸ்டரே."

கடைசி வரியில் மை இன்னும் காயவில்லை. என் மணிக்கட்டும்.