பக்கம் திருப்புகிறவள்

விருந்தாளியின் விரலில் பிளாஸ்திரி இல்லை. பியானோவின் கறுப்புப் பலகையில் தெரிந்த விரலில் இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து தாள் திருப்பிக்கொண்டிருந்த டீச்சர் அதை இரண்டு முறை பார்த்தாள். கட்டைகளுக்குப் பின்னால் கண்ணாடி மாதிரிப் பளபளத்து நிற்கும் அந்தப் பலகையில் வாசிப்பவரின் கைகள் தெரிவது ஒன்றும் புதிதல்ல. ஆனால் வலது ஆட்காட்டி விரலில் சுற்றியிருந்த அந்தப் பழுப்புப் பிளாஸ்திரி, இன்று காலை தக்காளி நறுக்கும்போது வெட்டிக்கொண்டு அவளே தன் விரலில் ஒட்டிக்கொண்டது. அவசரத்தில் ஒட்டியதால் ஓரம் பிய்ந்திருந்தது. பலகையிலும் பிய்ந்திருந்தது.

குனிந்து தன் கைகளைப் பார்த்தாள். மடியில் சமர்த்தாகக் கிடந்தன. பக்கம் திருப்புகிறவளின் கைகள் அப்படித்தான் கிடக்க வேண்டும்.

பல வருடங்களாக அவள் அந்தக் கல்லூரியில் பியானோ டீச்சர். அங்கே மாதம் ஒருவராக, எங்கெங்கிருந்தோ பியானோ கலைஞர்கள் வந்து கச்சேரி செய்வார்கள். அந்தக் கச்சேரித் தொடரை நடத்துகிறவர் இசைத் துறைத் தலைவர். அவர் அவளுடைய வீட்டுக்காரரும்கூட, வினையே அங்கேதான். "நம்ம வீட்டு ஆளையே மேடையேத்தினா நாலு பேர் என்ன பேசுவாங்க?" என்பார். அந்த நாலு பேரை அவள் இதுவரை நேரில் பார்த்ததில்லை. ரொம்ப நச்சரித்தால், "யாராவது கடைசி நேரத்துல வராமப் போனா நீதான், போதுமா?" என்பார். படுபாவிகள், காய்ச்சலோடுகூட வந்து சேர்ந்தார்கள்.

வருகிறவர்களுக்கெல்லாம் மனதுக்குள் பட்டப்பெயர் வைத்துப் பழிதீர்த்துக்கொள்வாள். போன மாதம் வந்தவர் தும்மல் மன்னர். இந்த மாதம் வந்தவளுக்கு எந்தப் பெயரும் ஒட்டவில்லை. சின்னப் பெண், அடக்கமானவள், வந்து இறங்கியதிலிருந்து வாய் நிறைய "அக்கா" என்று கூப்பிடுகிறாள். திட்டுவதற்கு ஒன்றுமே இல்லாத ஒருத்தியைப் பார்த்து வயிறெரிவதைப் போன்ற கொடுமை வேறில்லை. போதாக்குறைக்கு இப்போது ஒத்திகையில் அவள் வாசிக்கும் இந்த மெதுவான உருப்படி, டீச்சர் கல்யாணமான புதிதிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு தனக்குத்தானே வாசித்துத் தேய்த்தது. அவளுக்கு அது தாளே இல்லாமல் வரும். இந்தப் பெண்ணிடமோ, இன்னும் நன்றாக வந்தது.

காலி அரங்கத்தில் பிற்பகல் வெளிச்சம் உயரமான ஜன்னல்கள் வழியே சரிந்து இறங்கி, வரிசை வரிசையான நாற்காலிகளின் முதுகில் தூசியாக மிதந்துகொண்டிருக்க, திரைச்சீலையின் பழைய துணி வாடையும் தரைக்குப் போட்ட மெழுகின் வாடையும் ஒன்றாகக் கலந்து மூக்கை அடைக்க, பியானோவுக்குள்ளிருந்து ஒவ்வொரு சுரமும் தயங்கித் தயங்கி எழுந்து அவளைத் தொட்டுவிட்டுப் போயிற்று. பலகைக்குள் அவளுடைய கைகள் வாசித்தன. முட்டி பெருத்த விரல்கள். குட்டையாக வெட்டிய நகங்கள். பிளாஸ்திரி.

அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்துக்கு அடியில், சொல்ல வெட்கமான ஒரு சந்தோஷமும் இருந்தது.

மடியில் கிடந்த விரலை, வெட்டுக்காயத்தின் மேலேயே, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். வலிக்கவில்லை. கொஞ்சமும் வலிக்கவில்லை.

"ஸ்ஸ்..." விருந்தாளியின் கை துள்ளியது. சுரம் தப்பியது.

"என்னாச்சும்மா?"

"தெரியலக்கா. விரல்ல சுருக்குன்னு குத்துச்சு."

இருவரும் அந்த விரலைப் பார்த்தார்கள். ஒரு கீறலும் இல்லை. விருந்தாளி மறுபடி தொடங்கினாள். டீச்சர் மறுபடி அழுத்தினாள். சுரம் மறுபடி தப்பியது.

கடைசி வரிசையிலிருந்து வீட்டுக்காரர் ஓடிவந்தார். "கையை வருத்திக்காதீங்கம்மா. கொஞ்சம் உக்காருங்க. வெந்நீர் கொண்டுவரச் சொல்லட்டா?" தாங்கு தாங்கென்று தாங்கினார். காலையில் அவள் ரத்தம் சொட்டச் சொட்ட நின்றபோது, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பிளாஸ்திரி மேல் தட்டுல இருக்கு" என்ற அதே மனிதர்.

பின்னறைக் குழாயில் கை கழுவியபோது காயம் எரிந்தது. ஒழுங்காக, எல்லார் காயமும் எரிவது மாதிரி எரிந்தது. எல்லாம் மனப்பிரமை என்று தேற்றிக்கொண்டாள். அந்தத் தேறுதலில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அன்று மாலை அரங்கம் நிரம்பி வழிந்தது. வீட்டுக்காரர் ஒலிபெருக்கியில் விருந்தாளியைப் பற்றி வாய் ஓயாமல் பேசினார். "இப்படி ஒரு விரல் பிறவியிலேயே வரணும்" என்றார். அவருடைய குரல் நெகிழ்ந்தது. தன் விஷயத்தில் அந்தக் குரல் ஒருநாளும் நெகிழ்ந்ததில்லை என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

இடைவேளைக்குச் சற்று முன்பு அந்த மெதுவான உருப்படி தொடங்கியது. பலகையில் பிளாஸ்திரி தெரிந்தது.

விருந்தாளி தலையசைத்தாள். டீச்சர் எழுந்து பக்கத்தைத் திருப்பி உட்கார்ந்தாள். முன்வரிசையில் வீட்டுக்காரர் கண்மூடிக் கிறங்கியிருந்தார். அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. ஒரே ஒருமுறை. ஒரே ஒரு மாலை. அது போதும் எனக்கு.

ஆட்காட்டி விரலை இடது கைக்குள் பிடித்தாள். பின்னால் வளைத்தாள். வலியில்லை. இன்னும் வளைத்தாள்.

முறிந்த சத்தம் அவள் மடியில் கேட்கவில்லை. கட்டைகளின் மேல் கேட்டது.

கூட்டம் பதறி எழுந்தது. விருந்தாளி அலறவில்லை. கோணிப்போன தன் விரலைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்தாள். பிறகு பிளாஸ்திரி சுற்றிய டீச்சரின் கையைப் பார்த்தாள்.

பின்னறையில் ஒரு டாக்டர் வந்து விரலைக் கட்டினார். வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "யாரும் கிளம்பல, அப்படியே உக்காந்திருக்காங்க. நீ அந்த உருப்படியை வாசிச்சிடேன்" என்றார், ஒரு வழியாக. "உனக்கு யார் பக்கம் திருப்பறது?"

"எனக்குத் தாள் வேண்டாங்க."

"நான் திருப்பறேன் சார்" என்றாள் விருந்தாளி. முகம் வெளுத்திருந்தது, குரல் தெளிவாக இருந்தது. "இடது கை நல்லாத்தானே இருக்கு. அக்கா எனக்குச் செஞ்சாங்கல்ல?"

"தங்கமான பொண்ணு" என்று வீட்டுக்காரர் கலங்கினார்.

டீச்சர் பியானோவின் முன் உட்கார்ந்தாள். கைதட்டல். விளக்கின் சூடு. முதல் சுரம் விழுந்ததும் அவளுக்கு அழுகை வந்தது. இத்தனை வருடம் அறைக்குள் கிடந்தது, இத்தனை பேர் காதுக்குப் போகிறது. ஓரக்கண்ணால் பார்த்தாள். வீட்டுக்காரர் கண்ணை மூடியிருந்தார். அவர் முகத்தில் அந்தக் கிறக்கம். அவளுக்காக!

பிறகு பலகையைப் பார்த்தாள்.

பிளாஸ்திரி இல்லை. நீண்ட விரல்கள். மெல்லிய முட்டிகள். ஒரு விரல் மட்டும் வெள்ளைக் கட்டுக்குள் விறைத்து நின்றது. மற்ற நான்கும் வாசித்தன.

இடது பக்கத்தில் மெல்லிய சரசரப்பு. மடிக்குள் ஒரு கை இன்னொரு கையைத் தேடும் சத்தம். விருந்தாளி தன் வலது கையின் மிச்ச நான்கு விரல்களையும் இடது கைக்குள் சேர்த்துப் பிடித்திருந்தாள்.

நிறுத்தலாம். கட்டைகளிலிருந்து கையை எடுத்தால் போதும். ஆனால் எடுத்தால், இனி ஒருபோதும் இல்லை.

அவள் வாசித்தாள்.

பக்கத்தின் கடைசி வரி வந்தது. திருப்ப வேண்டுமென்றால் அந்த இடது கை பிடியை விட்டாக வேண்டும். தாள் தேவையில்லாதவள், அவசர அவசரமாகத் தலையசைத்தாள்.

விருந்தாளி எழவில்லை. டீச்சர் இன்னொரு முறை தலையசைத்தாள், கெஞ்சுவது போல.

"சரிக்கா" என்றாள் விருந்தாளி. அவளும் தலையசைத்தாள்.

அரங்கத்தில் ஓர் இருமல்கூட இல்லை. கறுப்புப் பலகைக்குள், வாசித்துக்கொண்டே, அந்த நான்கு விரல்களும் மெல்ல மெல்லப் பின்னால் வளையத் தொடங்கின.