ஆலைச் சங்கும் அம்மாவின் அட்டிகையும்

“அட்டிகை கிடைக்காம இந்தப் பனங்காட்டை விட்டு நான் வரமாட்டேன்!” என்றாள் திலகா. கையெல்லாம் முள் கீறல்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சென்னையே காலியான 1942 அது. சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து அவர்கள் குடும்பமும் இந்தக் கரும்புச் சீமைக்கு வந்தது. ரயிலிறங்கி மாட்டுவண்டியில் இந்தப் பனங்காட்டருகே வரும்போது சர்க்கரை ஆலையின் சங்கு ஊதியது. வேலை நேரச் சங்குதான்! சங்கு ஊதினால் ஓடிப் பதுங்கும் பட்டணத்துக் குண்டுவீச்சு ஒத்திகையில் பழகிய மரகதம் அத்தைக்கு அது தெரியுமா? விமானம் வந்துவிட்டதென்று நகை மூட்டையோடு பாய்ந்து ஓடினாள். எங்கோ ஒளித்தாள். எங்கே என்பது பயத்தில் மறந்தே போயிற்று. மற்றவர்களும் வாய்க்காலில் கண்ணை மூடிக் கிடந்தார்கள், யாரும் பார்க்கவில்லை.

மூட்டைக்குள் இருந்தது, இறந்துபோன அம்மாவின் அட்டிகை. வெள்ளிக்கிழமை அபிராமி அக்காவுக்குக் கல்யாணம். அம்மாதான் இல்லை, அவள் அட்டிகையாவது கழுத்தில் இருக்கட்டும் என்று ஆசைப்பட்ட அக்கா, இப்போது கல்யாணப் புடவையைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. அத்தையோ சோற்றைத் தொடுவதில்லை.

“உங்க அத்த எந்தப் பக்கமா ஓடிச்சு?” என்றாள் வண்டிக்காரர் மகள் செங்கேணி.

“அவங்களுக்கே தெரியலையே!” என்று சிரித்தான் தம்பி வேது. “அத்தை ஓட்டப் பந்தயத்துல சேரலாம்!”

திலகா துள்ளி எழுந்தாள். “அத்தைக்குத் தெரியாது. அத்தை காலுக்குத் தெரியும்! சாயங்காலச் சங்கு ஊதட்டும்!”

கோயிலுக்கு என்று சொல்லி அத்தையை வண்டியில் ஏற்றினார்கள். பனங்காட்டருகே வண்டி நின்றது.

“ஆலைச் சங்குன்னு தெரிஞ்சப்புறம் இனிமே பயப்படுவேனாடி நான்?” என்று அத்தை வெற்றிலைப் பெட்டியைத் திறந்தாள்.

ஊஊஊ!

வண்டியில் அத்தையைக் காணோம்!

“ஓடு, ஓடு! விட்றாதீங்க!” என்று கத்தினாள் செங்கேணி. மூவரும் புதரைத் தாண்டினார்கள், ஓடையைத் தாண்டினார்கள். புதர் மூடிய பழைய செங்கல் சூளை ஒன்று! அதன் பொந்துக்குள் வெற்றிலைப் பெட்டியைத் திணித்துவிட்டு, அத்தை குழியில் குப்புற விழுந்தாள்.

“இங்கேதான்!”

பள்ளிக்கூட ஒத்திகையில் கற்றுக்கொண்டபடி வேது தரையோடு தரையாக ஊர்ந்து உள்ளே போனான். இருட்டில் ஏதோ சீறியது!

“உடும்பு! அசையாத!” செங்கேணி பனை மட்டையால் தரையைத் தட்டினாள். உடும்பு அவன் முதுகின் மேலேயே ஏறி ஓடியது. வேது வீறிட்டுக்கொண்டே வெளியே வந்தான், ஒரு கையில் வெற்றிலைப் பெட்டி, மறு கையில் மூட்டை!

அத்தை மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். உடனே கேட்டாள்: “வீட்ல சாப்பிட என்னடி இருக்கு?”

வெள்ளிக்கிழமை, அட்டிகை மின்ன அக்கா மணையில் உட்கார்ந்தாள். தாலி ஏறி, பந்தி தொடங்கியது. ஊஊஊ என்று சங்கு!

அத்தை அசையவில்லை. கேலி செய்த வேதுதான் இலையை விட்டுப் பெஞ்சுக்கடியில் பாய்ந்திருந்தான். பந்தி முழுக்கச் சிரிப்பு.

“சிரிக்காதீங்க” என்று அத்தை குனிந்து அவன் கையைப் பிடித்தாள். “வாடா கண்ணு, பாயசம் ஆறுது.”

அதற்குப் பிறகு பயந்தவர்களை வேது கேலி செய்ததே இல்லை.