விருந்துத் தட்டு

தட்டிலிருந்த நீல உடைக்காரியைக் காணவில்லை. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி மட்டும் இருந்தது.

சுவரில் மாட்டுவதற்கென்று எந்தக் காலத்திலோ செய்த பழைய பீங்கான் தட்டு அது. நீளமான மேசையைச் சுற்றிக் கிழவர் முதல் குழந்தைகள் வரை ஒரு குடும்பமே விருந்துக்குக் காத்திருக்கிற மாதிரி வண்ணம் தீட்டியிருந்தது. கணவர் இறந்த பிறகு தனியாகச் சாப்பிட மனம் வராத தையல்காரம்மா, அதை ஆணியிலிருந்து இறக்கி, அந்தக் கும்பலின் நடுவிலேயே சுடச்சுடக் கஞ்சியை ஊற்றி, எலுமிச்சம்பழம் பிழிந்து சாப்பிடப் பழகியிருந்தாள்.

விஷயத்தைக் கேட்ட தங்கை போனில் கத்தினாள்.

"அழகுக்கு வச்ச தட்டுல யாராவது சாப்பிடுவாங்களாக்கா? பழைய பூச்சுல ஈய விஷம் இருக்கும். நீ சூடா வேற ஊத்துற, புளிப்பு வேற பிழியுற. கரைஞ்சு நேரா உள்ளதான் போகும்!"

"போகட்டும்டி. வெளியிலதான் யாரும் எட்டிப் பாக்கறதில்ல. உள்ளயாவது நாலு பேர் இருக்கட்டும்."

"உனக்கு எல்லாமே வெளையாட்டு. மொதல்ல அதத் தூக்கிப் போடு."

போனை வைத்ததும் மறுபடியும் அந்த அமைதி. புதுத்துணி வாசமும் தையல் மெஷின் எண்ணெய் வாசமும் கலந்து நிற்கிற அறையில், சாயங்கால வெளிச்சம் சுவரை விட்டு மெல்ல இறங்கிக்கொண்டிருக்க, யாரோ ஒரு பெண் தொண்டையைச் செருமிக்கொள்வது கேட்டது. பக்கத்து வீடா? இல்லை. அவள் விலா எலும்புக்குக் கீழே.

பயந்து எழுந்திருக்க வேண்டியவள், காது கொடுத்தாள். இந்த வீட்டில் இன்னொரு குரல் கேட்டு எத்தனை நாளாயிற்று!

"யாரும்மா?"

"இங்க தனியா இருக்கேன்," என்றது குரல். "மத்தவங்களையும் கூப்பிடுங்களேன்."

தனியா. அந்தச் சொல்லை அவளால் தாங்க முடியவில்லை.

கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினாள். வீட்டிலிருந்த எலுமிச்சம்பழத்தையெல்லாம் பிழிந்தாள். தட்டோடு தூக்கிக் குடித்தாள். நாக்கில் ஒரு கெட்ட தித்திப்பு. கிழவர் கரைந்தார். குழந்தைகள் கரைந்தார்கள். கடைசியில் மேசை, நாற்காலிகள். தட்டு வெள்ளைவெளேர் என்றிருந்தது.

உள்ளே சிரிப்பு. சலசலப்பு. அவளும் சிரித்தாள்.

"எல்லாரும் வந்தாச்சா?"

"வந்தாச்சு."

நாற்காலிகள் இழுபட்டன. வயிற்றுக்குள். ஒவ்வொன்றாக. நெருக்கமாக.

பிறகு பேச்சு நின்றது.

"பசிக்குது தாத்தா," என்றது ஒரு குழந்தை.

"ஆரம்பிங்க," என்றார் கிழவர்.

முதல் கரண்டி அவள் சதையில் இறங்கியது.