சத்தம் போடாத சுவர்

பகல் 1.40. மாடிக் கூடத்தில், கணப்படுப்புக்கு மேலே இருந்த கல்லைக் காணவில்லை.

இரண்டு சாண் நீளம், ஒரு சாண் உயரம். அதில் ஒரு வருடத்தின் எண் செதுக்கப்பட்டிருந்தது, இன்றைக்கு இருநூற்றெழுபது ஆண்டுகளுக்கு முந்தைய வருடம். அந்த எண்ணின் தயவில்தான் வீடு இன்னும் நின்றுகொண்டிருந்தது. மூன்று மணிக்குப் பழங்கட்டடப் பாதுகாப்புக் குழு வருகிறது. கல்லைப் பார்த்துச் சம்மதித்தால் வீடு பிழைக்கும். இல்லாவிட்டால் அடுத்த மாதமே இடித்துக் கடைகள் கட்டிவிடுவார்கள்.

கட்டட ஆய்வாளர் கூடத்து வாசலிலேயே நின்றுவிட்டாள். எதையும் மூக்கு உரசும் தூரத்தில் பார்ப்பதால் தெருவில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். இது நகரத்திலேயே பழைய வீடு என்று எட்டு வருடமாகச் சொல்லிவந்தவள். நம்பத்தான் ஆளில்லை. ஐந்து மாதத்துக்கு முன், சுண்ணாம்பு வேலை செய்யும் அவளுடைய அக்கா பூச்சைச் சுரண்டியபோது இந்தக் கல் வெளிப்பட்டது. கல் அசல்தான் என்று அறிக்கையில் கையெழுத்துப் போட்டவள் தங்கையான இவள்.

"ஒரு மணிக்குச் சாப்பிடப் போனேன், ஒன்றரைக்கு வந்தேன்," என்றார் வீட்டுக்காரர். "வாசக்கதவு பூட்டினபடியே இருந்துச்சு. உள்ள இருந்தது ரெண்டே பேரு. பின்முற்றத்துல உங்கக்கா. கீழ நம்ம மாப்பிள்ளை. இடிச்சே தீரணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறவரு."

"இடிக்கணும்னு ஊர் பூரா சொல்லிட்டு, பட்டப்பகல்ல நானே கல்லத் திருடுவேனா மாமா? அவ்வளவு முட்டாளா நான்?"

"எனக்கென்ன தெரியும்? புத்திசாலின்னு சொல்லித்தான் பொண்ணு கேட்டு வந்தாங்க."

1.50. பின்முற்றம். அக்கா தூரிகைகளை அலசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய பெரிய பீப்பாய். நீற்றிய சுண்ணாம்பு, அதன் மேல் எப்போதும் நிற்கும் தண்ணீர். பீப்பாயைச் சுற்றித் தரையில் வெள்ளைத் தண்ணீர் வழிந்து ஓடியிருந்தது.

"ஏதாவது சத்தம் கேட்டுச்சாக்கா?"

"இங்க எனக்கென்னடி கேக்கும்? மொதல்ல இந்த ரொட்டியத் தின்னு. மூஞ்சியப் பாரு, செத்துச் சுண்ணாம்பாக் கெடக்கு." அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். "மருந்து தெளிச்சுப் பாக்கக் கல்லே இல்லாமப் போச்சேடி."

குழுத்தலைவர் ஒரு மருந்து பாட்டில் கொண்டுவருகிறார். காயாத சுண்ணாம்பில் பட்டால் அது இளஞ்சிவப்பாகும், பழைய சுண்ணாம்பில் நிறமே வராது. அவர் சொன்னதும், "இனிமே எவனும் வாயத் தொறக்க முடியாது" என்று 12.40க்கு அக்காவுக்குப் போன் போட்டுத் துள்ளியவள் இவள்தான்.

2.05. மாடிக் கூடத்தின் அந்தச் சுவர் பக்கத்து வீட்டு மாடிக்கும் பொது. அங்கே தையல்காரர் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு மணியிலேருந்து மிஷின் ஓட்டினீங்களா?"

"கரண்ட் ஏதும்மா? காலைலேருந்து கைவேலைதான்."

"சுவர்ல தட்டற சத்தம், இடிக்கிற சத்தம்?"

"ஒண்ணுமில்ல. உங்கக்கா ஒரு ஆணி அடிச்சா இங்க கத்தரிக்கோல் குதிக்கும். இன்னிக்கு சுவர் வாயே தொறக்கல."

2.20. அவள் கல் இருந்த குழிக்குள் முகத்தை நுழைத்தாள். உளி பட்ட தடம் எங்கும் இல்லை. ஓரங்கள் வழவழவென்று இருந்தன. உள்ளே மிச்சமிருந்த சாந்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினாள். சோப்பில் இறங்குவதுபோல் இறங்கியது. ஒரு முழம் தள்ளிச் செங்கல் இடுக்கில் அழுத்தினாள். நகம் மடங்கியது.

சிறிது நேரம் அவள் அப்படியே, தலை சுவருக்குள் இருக்க, நின்றாள். வெளியே எடுக்க மனமில்லை.

2.35. எல்லோரையும் கூடத்துக்கு வரச் சொன்னாள்.

"மாப்பிள்ளை எடுக்கல," என்றாள். "பழைய சாந்துன்னா உளி வச்சு ரெண்டு மணி நேரம் அடிக்கணும். தெருவே திரும்பிப் பாத்திருக்கும். இந்தக் கல்லு அரை மணியில, சத்தமே இல்லாம வந்திருக்கு. கத்தியால அறுத்து எடுத்திருக்காங்க. இவ்வளவு தடிச் சுவருக்குள்ள புதுச் சுண்ணாம்பு காய வருஷக்கணக்காகும்."

வீட்டுக்காரர் உட்கார்ந்துவிட்டார். "அப்ப கல்லே பொய்யா?"

"அதான் மருந்து வர்றதுக்கு முன்னாடி காணாமப் போச்சு. அந்த மருந்தப் பத்தி நான் ஒரே ஒருத்தர்கிட்டதான் சொன்னேன்." அவள் யாரையும் பார்க்கவில்லை. "சிமெண்ட் வச்சிருந்தா எப்பவோ இறுகியிருக்கும். ஆனா பழைய சுவர்ல சிமெண்ட் வைக்க எங்கக்காவுக்குக் கை வராது. பொய்க்கல்லுக்குக்கூட நல்ல சுண்ணாம்பாப் பாத்து வச்சிருக்கா. கல்லு பீப்பாய்க்குள்ள கெடக்கு. அத உள்ள எறக்கினப்பத்தான் தண்ணி வழிஞ்சிருக்கு."

அக்கா அவள் முன்னால் வந்து நின்றாள்.

"ரெண்டு தடவை உன் மனுவத் திருப்பி அனுப்பினாங்க. வருஷம் போட்ட ஆதாரம் இருக்கான்னு கேட்டாங்க. நீ மூணு நாள் சாப்பிடாமப் படுத்துக் கெடந்த. வேற யாருக்காகடி செஞ்சேன்?"

"அந்த வருஷம் உனக்கெப்படிக் கெடச்சுச்சு?"

"நீ சொன்னதுதான். பாத்திரம் கழுவிட்டிருந்தப்ப. இந்த வருஷமாத்தான் இருக்கணும்னு நீயேதான் சொன்ன."

கல் வெளிப்பட்ட நாள் நினைவுக்கு வந்தது. தான் கணித்த அதே வருடம்! அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். அக்கா கட்டிப் பிடித்துக்கொண்டு தானும் அழுதாள். கல் கிடைத்த அந்த நாள்தான் தங்கையின் வாழ்க்கையிலேயே பெரிய நாள். அதையும் அக்காதான் செதுக்கியிருந்தாள்.

கீழே யாரோ வாசல் கதவைத் தட்டினார்கள்.

"திருட்டுப் போச்சுன்னு மட்டும் சொல்லுடி," அக்கா அவள் கையைப் பிடித்தாள். "வீடு நிக்கும். சுவர் நெசமாவே பழசுதானே?"

"பழசுதான். அத நான்தான்கா சொல்லணும். இனிமே நான் சொன்னா யாரு கேப்பா?"

அவள் கையை விடுவித்துக்கொண்டு படியிறங்கிக் கதவைத் திறந்தாள். குழுத்தலைவர் கையில் பாட்டிலோடு நின்றார்.

"கல்லு எங்கம்மா?"

"பின்முற்றத்துல, சுண்ணாம்புப் பீப்பாய்க்குள்ள. எங்கக்கா செதுக்கினது. என் அறிக்கையில கல்லப் பத்தின பதினேழாம் பக்கத்த அடிச்சிடுங்க சார்."

அவர் பாட்டிலைப் பைக்குள் வைத்தார். "மத்த பக்கங்களையாவது நம்பலாமா?"

மாடிப்படியில் அக்காவின் காலடி கேட்டது. அவள் திரும்பவில்லை.

"நம்பாதீங்க," என்று அளவு நாடாவின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்தாள். "நீங்க பிடிங்க. மொதல் சுவர்லேருந்து அளக்கலாம்."